அனுமதியில்லாத ஆள்

கடுகுக்குக் கோபம் வந்துவிட்டால் டெப்போவில் ஸ்பானர்கூடச் சத்தம் போடாது என்பார்கள். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைந்த உருவம். பஸ்ஸுக்கு அடியில் வெட்டியிருக்கும் குழிக்குள் மற்ற மெக்கானிக்குகள் கழுத்தை ஒடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். அவள் நிமிர்ந்து நின்றே பிரேக்கைக் கழற்றி மாட்டுவாள். உருவத்தைப் பார்த்துத்தான் முதல் வாரமே அந்தப் பெயரை வைத்தார்கள். காரம் பிறகுதான் தெரிந்தது.

அந்த டெப்போவில் பிரேக் வேலை பார்த்த ஒரே பெண் அவள்தான். முழுத் தூர டிரையத்லானில், அதாவது நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீந்தி, நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கின கையோடு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிற போட்டியில், நாட்டிலேயே ஐந்து முறை முதலாவதாக வந்த பெண்ணும் அவள்தான். எப்படி வந்தாய் என்று கேட்டால், மேடையில் சொல்வதற்குத் தோதான எதையும் சொல்லமாட்டாள். "எவனாவது ஒருத்தன் உன்னால முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அதான்," என்பாள்.

முதலில் அப்படிச் சொன்னவர் அவளுடைய அப்பாதான். நகராட்சி நீச்சல் குளத்தில் பம்பு ஓட்டுகிறவர். அண்ணனை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு, "உனக்கெதுக்குடி? கரையில உக்காந்து அவன் துண்டைப் பாத்துக்கோ," என்றார். துண்டைப் பார்த்துக்கொண்டாள். பார்க்கிற சாக்கில் பயிற்சியாளர் அண்ணனுக்குச் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டாள். குளத்துக்கு வார விடுமுறை நாளில் அப்பா பம்பு அறைக்குள் இருக்கும்போது தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். பதினாலு வயதில் அண்ணனை முழு நீளத்துக்கு முந்தினாள். அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்பாவோ, "எங்கேயும் போய்ச் சொல்லாத, அவன் மனசு கஷ்டப்படும்," என்றார். அவள் மனசு என்று ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றவில்லை.

சைக்கிள் வந்தது வேலையால். முதல் பஸ் கிளம்ப வேண்டுமென்றால் அவள் பிரேக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் வந்து சேர்வதற்கோ பஸ் இல்லை. போக வர இருபத்தெட்டு கிலோமீட்டர், பழைய இரும்பு சைக்கிளில், மழையோ வெயிலோ.

ஓட்டத்துக்குக் காரணம் டெப்போவின் ஆண்டு விளையாட்டு விழா. ஆண்களுக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், குண்டு எறிதல். பெண்களுக்கு மியூசிக்கல் சேர்.

"நான் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் குடுக்கணும்," என்று ஃபோர்மேனிடம் போய் நின்றாள்.

"உங்களுக்குத்தான் மியூசிக்கல் சேர் இருக்கே."

"நாள் முழுக்கக் குழியில நிக்கிறவ நாற்காலியைச் சுத்தி வரவா?"

ஃபோர்மேன் மீசையை நீவிக்கொண்டார். பிறகு பட்டியலின் கடைசியில் அவள் பெயரை எழுதினார். இருபத்து மூன்று ஆண்களோடு ஓடி இரண்டாவதாக வந்தாள். பரிசாக, பெண்களுக்கென்று வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா செட்டைக் கொடுத்தார்கள். அதை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

அவளுக்கு வாய்த்த கணவன் நேர் எதிர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். ஊரே அலறினாலும் இவன் குரல் உயராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு ஏரிக்கரையில் டியூட்டி முடித்து வந்தவன், சட்டையைக் கழற்றாமலே சொன்னான்: "நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒண்ணா சேத்து ஒரு பைத்தியக்காரத்தனம் நடத்துறாங்க. காலையில தண்ணியில குதிச்சவன் பொழுது சாய்ஞ்சும் ஓடிக்கிட்டிருக்கான். பதினோரு பேரை ஸ்ட்ரெச்சர்ல தூக்கினேன். பாக்கப் பாக்க உன் ஞாபகம்தான்."

"ஏங்க, ஸ்ட்ரெச்சரைப் பாத்தா?"

"இல்ல. ஸ்ட்ரெச்சர்ல ஏறமாட்டேன்னு சண்டை போட்ட ஒரு அம்மாவைப் பாத்தா."

மறு வருஷம் அவள் அந்த ஏரியில் நின்றாள். முந்நூறு பேர் ஒன்றாகக் குதித்ததில் யாரோ உதைத்து உதடு கிழிந்தது. மற்றவர்களுடைய சைக்கிளையெல்லாம் ஒரு விரலில் தூக்கலாம். அவளுடையதைத் தூக்க இரண்டு கை வேண்டும். சட்டைப் பையில் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. பதினாலரை மணி நேரம் ஆயிற்று. கடைசி ஐந்து கிலோமீட்டரை நடந்தே முடித்தாள். மறுநாள் குழிக்குள் இறங்க முடியாமல் ஏணியில் பின்புறமாகத் தவழ்ந்து இறங்கியவளைப் பார்த்து டெப்போவே சிரித்தது. அன்றைக்கு மட்டும் அவளும் சிரித்தாள்.

மூன்றாவது வருஷம் பெண்களில் முதலாவதாக வந்தாள். வந்த இடத்தில் ஒருவரும் இல்லை. ஆண்களில் ஜெயித்தவர் ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால், மைக்காரர் சாப்பிடப் போய்விட்டார், முடிவுக் கோட்டில் பிடிக்கிற நாடாவையும் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அவள் கோட்டைத் தாண்டி முழங்காலில் கை ஊன்றி நின்றபோது கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் ஓடிவந்தார்.

"மேடம், மேடம், சாரி. ஒரு நூறு மீட்டர் பின்னால போய்த் திரும்ப ஓடி வர்றீங்களா? நாடா புடிக்கிறோம். போட்டோவுக்கு."

கடுகு நிமிர்ந்தாள். "நூறு மீட்டர் போதுமா? நூத்தெண்பது கிலோமீட்டர் சைக்கிளும் திரும்ப மிதிச்சுட்டு வரட்டுமா?"

"இல்ல மேடம், பேப்பர்ல..."

"பேப்பர்ல வெறும் கோட்டைப் போடுங்க. நான் அதைத் தாண்டிப் போயிட்டேன்னு எழுதுங்க."

பேப்பரில் கோடும் வரவில்லை, அவளும் வரவில்லை. 'ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் மனைவி சாதனை' என்று இரண்டு வரி வந்தது. கணவன் அதைப் படித்துவிட்டு, "நான் என்ன சாதிச்சேன்னு எல்லாரும் போன்ல கேக்குறாங்க," என்று தலையைச் சொறிந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஜெயித்தாள். ஊர் வாய் மட்டும் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம், வயிற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்தது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். மாமியார் நேரடியாக ஒன்றும் சொல்லமாட்டார். காய் நறுக்கிக்கொண்டே சுவரிடம் சொல்வார்: "சைக்கிள் சீட்டுல அஞ்சு மணி நேரம் உக்காந்தா வயித்துல எது தங்கும்?"

"அத்தை, டாக்டர் அப்படிச் சொல்லல."

"டாக்டருக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கெல்லாம் கடுகு இருபது கிலோமீட்டர் கூடுதலாக மிதித்தாள். கோபத்தைக் காலில் இறக்கிவிட்டால் வாய்க்கு ஏறாது என்பது அவள் கண்டுபிடித்த கணக்கு. பாதி நாள்தான் அந்தக் கணக்குச் சரியாக வந்தது.

நாலாவது முறை ஜெயித்தபோது வயது முப்பத்து நாலு. அந்த வருஷம்தான் முதல் தடவையாக அந்தப் போட்டியை உலகப் போட்டிக்குத் தகுதிப் போட்டியாக வைத்திருந்தார்கள். பெண்களில் ஒரே ஓர் இடம், அது அவளுக்கு. உலகப் போட்டி பதின்மூன்று மாதம் கழித்து. டெப்போவில் ஃபோர்மேன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மாமியார்கூடச் சுவரிடம், "பரவாயில்ல," என்றார்.

நாலு மாதம் கழித்து அவள் மறுபடி உண்டானாள். மூன்றாம் மாதம் தாண்டியது. நாலாம் மாதமும் தாண்டியது. டாக்டர் பிரசவத் தேதியைச் சொன்னபோது கடுகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். உலகப் போட்டி நடக்கிற அதே வாரம்.

அவள் அழவில்லை. எட்டு வருஷம் காத்திருந்த குழந்தை, சந்தோஷம் தொண்டைவரை இருந்தது. போட்டியை நடத்துகிற டிரையத்லான் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள்: என் இடத்தை அடுத்த வருஷத்துக்கு மாற்றித் தாருங்கள். அடிபட்டவர்களுக்கும், வீட்டில் சாவு விழுந்தவர்களுக்கும், ராணுவத்தில் அழைக்கப்பட்டவர்களுக்கும் அப்படி மாற்றிக் கொடுக்கிற விதி ஏற்கனவே இருந்தது. ஆறு வாரம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. 'கர்ப்பம் என்பது போட்டியாளரின் சொந்த விருப்பம் சார்ந்தது. எனவே விதியில் இடமில்லை.'

சங்கத்தின் அலுவலகம் ஒரு விளையாட்டு மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. சாய்ந்த கூரை. கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள், எல்லாவற்றின் மேலும் தூசி. செயலாளர் நல்ல மனிதர்போலத்தான் பேசுவார். அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

"உக்காரும்மா. இந்த நேரத்துல நீ அலையக்கூடாது."

"நிக்கிறேன் சார். என்கூட அதே போட்டியில ஆம்பளைங்கள்ல ஜெயிச்சவருக்கு இடத்தை மாத்திக் குடுத்தீங்களே, எதுக்கு?"

"அவருக்குக் கால் உடைஞ்சதும்மா. விபத்து."

"மோட்டார் பைக்ல முன் சக்கரத்தைத் தூக்கி வித்தை காட்டினார். வீடியோ ஊர் பூரா ஓடிச்சு. அவரை யாரு தூக்கச் சொன்னா? அது சொந்த விருப்பம் இல்லையா?"

செயலாளர் பேனாவை மூடித் திறந்தார். "இங்க பாரும்மா, அது வேற, இது வேற. இது சந்தோஷமான விஷயம். கடவுள் குடுத்தது. நீ ஏன் இதைப் போட்டியோட சேத்துக் குழப்பிக்கிறே? இனிமே உனக்கு வேற பொறுப்பு இருக்கு. போதும்னு இருக்கலாமே? நாலு தடவை ஜெயிச்சாச்சு."

"அந்தப் பைக்காரர்கிட்டயும் போதும்னு சொன்னீங்களா?"

"அவரு சின்ன வயசு."

"என்னைவிட மூணு வயசு மூத்தவரு."

 கடுகு மேஜை மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினாள். நகக்கண்ணில் கிரீஸ். "அப்ப நான் இப்ப வெளிய போய் இந்தப் படிக்கட்டுல விழுந்து காலை உடைச்சுக்கிட்டா இடம் குடுப்பீங்க. பிள்ளையைப் பெத்தா குடுக்க மாட்டீங்க. இதுதானே உங்க விதி? எழுதிக் குடுங்க சார். இதே வார்த்தையில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் எழுதவில்லை. "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா, அவர்கிட்டப் பேசிக்கறேன்," என்றார். வெளியே வந்தவள் சைக்கிளின் பூட்டைத் திறந்து, ஏறாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே நடந்தாள். 

அவளுடைய இடம் இரண்டாவதாக வந்தவளுக்குப் போனது. அவள் ஒரு பல் டாக்டர். நல்ல உயரம். கடுகு மனசுக்குள் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீரில் மீன், ஓட்டத்தில் சுமார். அவள் ஒரு நாள் டெப்போவுக்கே வந்தாள். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் பட்டுவிடாமல் குழி ஓரத்தில் நின்றுகொண்டு, "அக்கா, இது உங்க இடம். எனக்கு ரொம்ப சங்கடமா இருக்கு," என்றாள்.

கடுகு வயிற்றைத் தாங்கியபடி மேலே ஏறி வந்தாள். மருத்துவச் சான்றிதழோடு அப்போது கருவி அறை வேலைதான். ஆனாலும் புதுப் பையன்கள் பிரேக் மாட்டுவதை எட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு, விதியை மாற்றச் சொல்லித் தான் எழுதியிருந்த மனுவை எடுத்து நீட்டினாள்.

"சங்கடப்பட வேணாம். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

நெட்டை படித்தாள். இரண்டு தரம் படித்தாள். "இப்பப் போட்டா... அவங்க என் பேரையும் எடுத்துட்டா? உலகப் போட்டி முடியட்டும் அக்கா. வந்ததும் முதல் வேலையா..."

"போ."

"அக்கா..."

"இடத்தையும் எடுத்துக்கிட்டு, மனசு சுத்தமா இருக்குன்னு என்கிட்டச் சீட்டும் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தியா? போ."

நியாயமாகப் பார்த்தால் நெட்டை ஒரு தப்பும் செய்யவில்லை. அது கடுகுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

குழந்தை பெண். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். நாலு மாதம் கழித்து முதல் தடவையாக ஓடக் கிளம்பியவள் தெருமுனைவரைகூடப் போக முடியாமல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். ஆறாம் மாதம் வேலையில் சேர்ந்தாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகும். டெப்போவில் பெண்களுக்கென்று அறை கிடையாது, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கும் அறையில், டயர்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாலைப் பாட்டிலில் பீய்ச்சுவாள். வெளியே ஃபோர்மேன் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பார். யாராவது அந்தப் பக்கம் வந்தால், "டயர் எண்ணிக்கிட்டிருக்கோம், அப்புறம் வா!" என்று கத்துவார். "ஒரு நாளைக்கு ரெண்டு தடவை டயர் எண்ணுற டெப்போ நம்மதுதான்யா," என்று பையன்கள் சிரிப்பார்கள்.

வீட்டில்தான் அவள் தோற்றாள். நாலு சுவருக்குள் வந்தால் யார் மேலாவது பாய்வாள். பாட்டில் சரியாகக் கழுவவில்லை, ஷூவை யார் நகர்த்தியது, குழந்தை ஏன் தூங்கவில்லை. ஒரு நாள் சைக்கிள் செயின் சிக்கிக்கொண்ட ஆத்திரத்தில் ஸ்பானரைத் தரையில் ஓங்கி அடித்தாள். குழந்தை மூச்சு நின்றதுபோல் விறைத்து, பிறகு வீறிட்டது. கணவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டான்.  அழுகை அடங்கியபிறகு அதே குரலில் சொன்னான்: "உன் கோபம் நியாயம்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதை ஷூக்காலோட வீட்டுக்குள்ள கொண்டு வராத."

 அவள் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதன் காதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஸ்பானர் வீட்டுக்குள் வரவில்லை. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்து அவளால் இறங்க முடிந்த தகுதிப் போட்டிக்குள் குழந்தைக்குப் பதினோரு மாதம். பாட்டிலைத் தொடமாட்டேன் என்று அது அடம் பிடித்துக்கொண்டிருந்த நேரம். நீச்சல் முடியும்போது நெட்டை ஆறு நிமிஷம் முன்னால் இருந்தாள். சைக்கிளில் கடுகு அவளைப் பிடித்து, தாண்டி, ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு வந்தாள். சைக்கிளை நிறுத்தி ஓட்டத்துக்கு மாறுகிற இடத்தில், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவன் குழந்தையோடு நின்றான். குழந்தை கையை விரித்துக்கொண்டு கதறியது. ஏழு மணி நேரமாகக் கட்டியிருந்த பால் சட்டையை நனைத்துவிட்டது. இந்த நெஞ்சோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட முடியாது.

"குடுங்க," என்று தடுப்புக்கு மேலாகக் குழந்தையை வாங்கி, தரையில் உட்கார்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள். ஒரு கையால் ஓட்டத்துக்கான ஷூவை மாட்டினாள்.

மஞ்சள் சட்டை போட்ட நடுவர் ஒருவர் வந்து நின்றார். "மேடம், இந்தப் பகுதிக்குள்ள அனுமதியில்லாத ஆள் வரக்கூடாது."

கடுகு சுற்றுமுற்றும் பார்த்தாள். "யாரு?"

அவர் குழந்தையைக் காட்டினார்.

"இதுவா?"

"வெளியாள் உதவி விதிமீறல், மேடம்."

"உதவியை நான்யா இவளுக்குப் பண்றேன்! இவ எனக்கு என்ன பண்றா? சைக்கிளுக்குக் காத்தடிக்கிறாளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் போனில் படம் எடுத்தாள். சிரிப்புதான் நடுவரைக் கெடுத்தது. அவர் காது சிவந்து, பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். ஐந்து நிமிஷத் தண்டனை. ஓட்டப் பாதையின் முதல் கிலோமீட்டரில் இருக்கும் கூடாரத்தில் நின்று கழிக்க வேண்டும்.

குழந்தை வயிறு நிறைந்து ஏப்பம் விட்டது. கடுகு அதைக் கணவனிடம் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தவன், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். "போ! போய் முடிச்சுட்டு வா!"

கூடாரத்தில் ஓய்வுபெற்ற குமாஸ்தாபோல் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றாள். கால் இரண்டும் தன்னிச்சையாக உதறின. மூன்றாவது நிமிஷத்தில் நெட்டை அவளைக் கடந்து போனாள். தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் ஓடினாள். "எதுக்கும்மா தண்டனை?" என்று கேட்டார் கடிகாரக்காரர்.

"பிள்ளைக்குப் பால் குடுத்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் பொத்தான் மேல் வந்து நின்றது. "முடிஞ்சுதுன்னு வெச்சுக்க..."

"வேணாம். ஒரு நொடி குறைஞ்சாலும் அதையும் சொல்லுவாங்க. முழுசா நிக்கிறேன்."

முழுசாக நின்றாள். பிறகு வில்லிலிருந்து விட்டதுபோல் ஓடினாள். அது தப்பு. கோபத்தில் முதல் பத்துக் கிலோமீட்டரை அள்ளி விழுங்கியவள், பதினேழாவதில் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். இடைவெளி ஏழு நிமிஷமாகிவிட்டது. அங்கேதான் டெப்போ ஆட்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஃபோர்மேன் தொண்டை கிழியக் கத்தினார்: "கடுகு! முதல் கியர்லயே மொத்த வண்டியையும் இழுத்தா எஞ்சின் வெடிச்சுடும்! கியரை மாத்து! மெதுவா மாத்து!"

மாற்றினாள். செயலாளரின் முகத்தையும் நடுவரின் காதையும் ஒவ்வொன்றாக மனதிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அடுத்த விளக்குக் கம்பம், அதற்கடுத்த விளக்குக் கம்பம் என்று ஓடினாள். முப்பதாவது கிலோமீட்டரில் நெட்டையின் முதுகு தெரிந்தது. முப்பத்தொன்பதாவதில் தோளோடு தோள். நெட்டையின் உதடு வெளுத்திருந்தது.

"அக்கா," என்றாள் மூச்சிரைக்க. "நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நேத்து."

"ஒரு வருஷம் லேட்டு," என்றாள் கடுகு. தாண்டிப் போனாள்.

ஒரு நிமிஷம் ஐம்பது நொடி வித்தியாசத்தில் ஜெயித்தாள். மேடையில் செயலாளரே கோப்பையைக் கொடுத்து, "தாய்மையின் வெற்றி!" என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல். கடுகு மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"தாய்மையும் இல்ல, தந்தைமையும் இல்ல. இந்த இடம் ரெண்டு வருஷம் முன்னாடியே என்னோடது. பிள்ளை பெத்தேன்னு புடுங்கிக்கிட்டீங்க. இன்னிக்குப் பால் குடுத்தேன்னு அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சீங்க. புடுங்கினதை நானே ஓடி வந்து திருப்பி எடுத்துக்கிட்டேன். அதுக்கு யாரும் கைதட்ட வேணாம்."

கைதட்டல் நின்றுவிட்டது. பின்வரிசையில் ஃபோர்மேன் மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

தரையில் உட்கார்ந்து பால் கொடுக்கிறவளிடம் நடுவர் அட்டை காட்டுகிற படம் ஒரே வாரத்தில் எங்கெங்கோ போனது. மனுவில் நெட்டையின் கையெழுத்துக்குக் கீழே நூற்று நாற்பது பேர் போட்டார்கள். மறு வருஷம் உலகப் போட்டியில் கடுகு பதினாலாவதாக வந்தாள். முப்பத்தேழு வயதில், டெப்போ வேலையோடு, அது சின்ன விஷயம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு ஆறவில்லை. பிடுங்கிய அந்த வருஷத்தில் தன் கால் இன்னும் பலமாக இருந்திருக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதை எந்த விதியும் திருப்பித் தராது.

விதியை மாற்றிச் சுற்றறிக்கை வந்தபோது டயர் அறையில்தான் அதைப் படித்தாள். 'கருவுற்ற போட்டியாளர்களின் இடம், கருணை அடிப்படையில், அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தரப்படும்.' இரண்டாவது பத்தியில், போட்டிப் பகுதிக்குள் அனுமதியில்லாத ஆள் வரக்கூடாது என்ற பழைய விதி அப்படியே இருந்தது. டெப்போ ஆட்கள் கொண்டாடத் தயாரானார்கள். கடுகு பேனாவை எடுத்தாள். 'கருணை அடிப்படையில்' என்பதைக் குறுக்கே அடித்து, கால் உடைந்தவர்களுக்கான விதியில் அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். "ஒரு வார்த்தைதானே, விடேன்," என்றான் கணவன். "ஒரு வார்த்தைதானே, எடுத்துட்டுப் போகட்டுமே," என்றாள். ஏழு மாதம். ஒன்பது கடிதம்.

கடைசியில் ஒரு நாள், அவள் பிரேக் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. செயலாளரின் குரல் களைத்திருந்தது. "எடுத்தாச்சும்மா. அந்த வார்த்தையை எடுத்தாச்சு. புதுசா அச்சடிச்சு இன்னிக்குத் தபால்ல வருது. இப்ப திருப்திதானே? வேற ஒண்ணும் இல்லையே?"

கடுகு தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கடைசி போல்ட்டைத் திருகினாள்.

"இருக்கு சார்," என்றாள். "ரெண்டாவது பத்தியைப் பாருங்க."